லாரியில் வராத நோய்

காமாலை என்று ஒரு நோய் கிடையாது. இது உங்கள் மருத்துவப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனாலும் வார்டுக்கு வந்த சில நாளிலேயே "அந்த மூலைக் கட்டில் காமாலை கேஸ்" என்று நீங்களும் பேசத் தொடங்கிவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். கண் மஞ்சளாக இருப்பது கல்லீரல் அவதிப்படுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். உள்ளே யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது சொல்லாது.

நாமக்கல் பக்கம் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கிருமிகளோடு நீண்ட காலம் பழகியிருக்கிறேன். ஹெபடைடிஸ் ஏ தண்ணீரில் வரும். ஒரு தெருவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள். சில வாரத்தில் அதே பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள். ஹெபடைடிஸ் இ-யும் அதே தண்ணீரில்தான் வருகிறது. ஆண்களைப் பெரும்பாலும் படுக்கவைத்து எழுப்பி விட்டுவிடும். கர்ப்பிணிகளிடம் மட்டும் அதற்கு வேறு முகம். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஹெபடைடிஸ் சி சத்தமே போடாமல் பல வருடம் குடியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கு உருப்படியான மருந்து இல்லை. இன்று சில மாதம் மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. அப்படி முதன்முதலாக வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியைக் கூப்பிடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டி என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தனியாகப் பிழைக்கத் தெரியாது. பி இருக்கும் உடம்பில் மட்டும்தான் அதன் பிழைப்பு.

அந்த பி-யைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரே கிருமி ஒரே குடும்பத்தில் என்னவெல்லாம் செய்தது என்று பார்த்த பிறகு மனித உடம்பின்மேல் எனக்கு வந்த வியப்பு இன்றுவரை அடங்கவில்லை. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்.

மணிகண்டன் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். குஜராத் லைன். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட முடியவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்தவர், வாந்தியும் அசதியுமாகப் படுத்தார். கண் மஞ்சளானதும் மனைவி கோகிலா அவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு லேசாக வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"வெளியில என்ன சாப்பிட்டீங்க, என்ன தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"லைன்ல போறவனுக்கு நல்ல தண்ணி ஏதுங்க, கெட்ட தண்ணி ஏதுங்க? டாபாவுல என்ன வெக்கறானோ அதைத்தானுங்க குடிக்கோணும்."

தண்ணீரில் வந்ததுதான் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அவரைவிட அவர் பக்கத்தில் நின்றவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இ வகையாக இருந்து, அதே பாத்திரத்தில் அவளும் குடித்திருந்தால்? காய்ச்சிய தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அவரை வார்டில் சேர்த்து, எல்லா வகைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

முடிவு வந்தது. ஏ இல்லை, இ இல்லை, சி இல்லை. பி.

அதை மணிகண்டனிடம் சொன்னேன். அவர் கள்ளம் இல்லாத மனிதர். போனில் மாமனாரிடம் அப்படியே சொல்லிவிட்டார். மாமனார் செங்கோடனுக்குப் பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அவருக்கு யாரோ மொபைலில் தேடிப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை, நான் வார்டுக்குள் நுழையும்போதே அவருடைய சத்தம் வாசல்வரை கேட்டது.

"லாரிக்காரனுக்குப் பொண்ணைக் குடுக்காதேன்னு அத்தன பேரு தலையில அடிச்சுச் சொன்னாங்க, நாங் கேக்கலியே! எந்த ஊருல எவகிட்டப் போயி வாங்கியாந்தான்னு கேளுங்க டாக்டரம்மா!"

மணிகண்டன் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. "மாமா, நான் அப்படிப்பட்டவன் இல்லீங்க. உங்களுக்கு எப்புடிங்க நான் புரிய வெப்பேன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கோகிலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா பாவாயி சுவரோரம் நின்றிருந்தார். வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது.

நான் செங்கோடனை என் அறைக்கு அழைத்துப் போனேன்.

"நீங்களே சொல்லுங்க, இந்தச் சீக்கு எப்படி வரும்?" என்றார்.

சொன்னேன். ரத்தம் ஏற்றுவதில் வரலாம். சுத்தமில்லாத ஊசியில் வரலாம். சலூன் கத்தியில் வரலாம். உடலுறவில் வரலாம். தாயிடமிருந்து பிறக்கும்போதே வரலாம். நான் ஐந்து வழி சொன்னேன். அவர் காதில் ஒன்றுதான் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சபலம் வரும். நோயாளி பாவம், நல்லவர் மாதிரி தெரிகிறார், அதனால் "உங்க மாப்பிள்ளைமேல தப்பே இல்லீங்க" என்று அடித்துச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர்மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது. சேலத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியர் ஒருவர், ரத்தத்தைக் கேட்டால் எப்போது வந்தது என்று சொல்லும், எப்படி வந்தது என்று ஒருநாளும் சொல்லாது என்பார். பார்த்தால் சாதாரணப் பேச்சுதான். அன்றைக்கு அது எனக்குக் கைகொடுத்தது.

"எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தெரியாததைச் சொல்லாதீங்க. இப்ப அவரைப் பொழைக்க வெக்கணும்" என்றேன்.

"என்ற புள்ளையை நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்தார்.

அவர் கூட்டிப் போவதற்குள் நான் கோகிலாவைத் தனியே பார்த்து, அவள் சம்மதத்தோடு ரத்தம் எடுத்துக்கொண்டேன். கர்ப்பம் பதிந்தபோதே செய்திருக்க வேண்டிய சோதனை அது. எப்படியோ விட்டுப்போயிருந்தது. முடிவு வரும்வரை மகளை எங்கேயும் கூட்டிப் போகக் கூடாது என்று செங்கோடனிடம் சொன்னேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

அந்த முடிவைப் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் பி இருந்தது. ஆனால் இரண்டு பேருடைய ரத்தமும் வேறு வேறு கதை சொன்னது. ஒரு கிருமியை உடம்பு முதன்முதலாகப் பார்த்துப் பதறும்போது ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்கும். சில மாதத்தில் அது வடிந்துவிடும். மணிகண்டனிடம் அது ஏராளமாக இருந்தது. அப்படியென்றால் கிருமி அவரிடம் புதிதாக வந்திருக்கிறது. கோகிலாவிடம் அது துளியும் இல்லை. அவளுடைய கல்லீரல் அளவுகள் எல்லாம் சீராக இருந்தன. ரத்தத்தில் மட்டும் கிருமி கோடிக்கணக்கில் மிதந்தது. அவள் உடம்புக்கு அது அந்நியமே இல்லை. அவளோடு பால் குடித்து, அவளோடு பள்ளிக்கூடம் போய், அவளோடு வளர்ந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்குள் இந்தக் கிருமி நுழைந்தால், உடம்பு எழுந்து நின்று சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில்தான் கல்லீரல் வீங்குகிறது, கண் மஞ்சளாகிறது. பெரும்பாலும் உடம்பே ஜெயித்து, கிருமியைத் துடைத்து எறிந்துவிடுகிறது. அதே கிருமி, பிறந்த குழந்தைக்குள் நுழைந்தால் சண்டையே கிடையாது. எது தன்னுடையது, எது வெளியாள் என்று அந்தப் பிஞ்சு உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, அழுகைகூட இல்லை. ஆனால் அப்படி வந்தது பெரும்பாலும் ஆயுசுக்கும் போவதில்லை. எது ஆளைப் படுக்கவைக்கிறதோ அதுதான் காப்பாற்றுகிறது. எதுவுமே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

கோகிலாவைத் தனியாக அழைத்து இதைச் சொன்னேன். இது அவளுடைய ரத்தம், அவளுடைய செய்தி. அவளுக்கு முன்னால் அவள் அப்பாவிடமும் நான் சொல்லக் கூடாது, புருஷனிடமும் சொல்லக் கூடாது. மெதுவாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப மாமாவுக்கு எங்கிட்ட இருந்துதான் வந்துச்சுங்களா?"

"பெரும்பாலும் அப்படித்தாம்மா இருக்கும்."

"எனக்கு ஆருகிட்ட இருந்துங்க?" கை தாலிக்குப் போனது. "நான் வேற ஆருகூடயும்..."

"தெரியும் கண்ணு. நீ பொறந்த அன்னைக்கே வந்திருக்கும். இதுல உன்மேல தப்பு ஒண்ணுமே இல்ல."

அவள் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "இதுக்குங்க?"

"இதுக்கு வராம பாத்துக்கலாம். அதுக்கு வழி இருக்கு. அதை நான் பாத்துக்கறேன்."

நாளைக்கு எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்குவோம் என்று இரண்டு பேரும் பேசிவைத்தோம். மணிகண்டனின் கல்லீரல் அந்த நாளை எங்களுக்குக் கொடுக்கவில்லை.

கல்லீரல் கெடும்போது மூளையும் மெல்ல மங்கும். முதலில் அது யார் கண்ணுக்கும் படாது. கூட இருப்பவர்கள் அசதி என்பார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் சோதனை உங்களுக்குத் தெரியும். நான் ஆளுக்குத் தகுந்த மாதிரி கேட்பேன். மணிகண்டனிடம் தினமும் காலையில், "நாமக்கல்லுல லோடு ஏத்தியாச்சு. சூரத்துக்கு வழி சொல்லுங்க" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே என்று வண்டி ஓட்டுவதைப் போலவே போவார். எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே மேடு ஏறும்போது இஞ்சின் சூடாகும் என்பதெல்லாம் கூடவே வரும்.

அன்று காலை தும்கூர் தாண்டினார். "அப்பறம்... ஹூப்ளி..." என்று நின்றார். "ஹூப்ளிங்க. அப்பறம் தொப்பூருங்க" என்றார்.

கோகிலா சிரித்துவிட்டாள். "என்னங்க மாமா, திரும்பி வந்துபோட்டீங்க!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டச் சொன்னேன். விரல்கள் படபடத்தன. கல்லீரல் தளர்ந்தால் ரத்தம் உறைய நேரமாகும்; அந்த நேரம் முந்தின நாளைவிட நீண்டிருந்தது. வார்டில் இருந்த உங்களைப் போன்ற இளம் மருத்துவர் ஒருவர், "மேடம், சாயங்காலம் ஒரு தடவை ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கிறார், நடந்துதான் பாத்ரூம் போகிறார் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ஓட்டுநர் தன் ரோட்டை மறக்கிறார் என்றால் சாயங்காலம்வரை காத்திருக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவும், தேவைப்பட்டால் மாற்றுக் கல்லீரலுக்கு அனுப்பும் வசதியும் சேலத்தில் இருந்தன. கிருமிக்கான மாத்திரையை முதல் வேளை கொடுத்து, ஆம்புலன்ஸ் வரவழைத்தேன்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கோகிலாவும் ஏறப் போனாள். செங்கோடன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ எங்க போறே? வயித்துப்புள்ளையோட அவங்கூட அலையோணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? எவளோ குடுத்த சீக்குக்கு நீ தொணை போறியா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மருத்துவமனை வாசலில், அத்தனை பேர் நடுவில், நிதானமாகச் சொன்னாள்.

"எவளும் குடுக்கலீங்கப்பா. மாமாவுக்கு எங்கிட்ட இருந்துதான் வந்துருக்குது. எனக்குப் பொறந்ததுல இருந்தே இருக்குதாமா. டாக்டரம்மாவைக் கேளுங்க. உங்ககிட்டச் சொல்லலாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கதவு மூடிக்கொண்டது. வண்டி போய்விட்டது. கணவர் பிழைப்பாரா என்று தெரியாத நேரத்தில், வயிற்றில் பிள்ளையோடு, பழியை அவர்மேலிருந்து எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு போன அந்தப் பெண்ணின் துணிச்சலைப் போல் ஒன்றை நான் எந்த அறுவைச் சிகிச்சை அரங்கிலும் பார்த்ததில்லை.

செங்கோடனையும் பாவாயியையும் என் அறையில் உட்காரவைத்தேன். மகள் அனுமதி கொடுத்துவிட்டாள், இனி நான் பேசலாம். பேசத்தான் பயமாக இருந்தது. மாப்பிள்ளைமேல் இருந்த பழி மகள்மேல் விழாமல் இருக்க வேண்டும். அது தாய்மேலும் விழக் கூடாது. ஒரு குடும்பத்துக்குள் பழி எந்தப் பள்ளத்தைக் கண்டாலும் அங்கே ஓடிவிடும்.

பிறப்பிலேயே வருவதைப் பற்றி விளக்கினேன். அம்மாவுக்கு இருந்தாலும் அவருக்கே தெரியாது, எந்தத் தப்பும் செய்யாமல் வருவது, அவருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றேன். செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி என்னையே பார்த்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏனுங் டாக்டரம்மா, இது ஈரலைக் கெடுக்குமுங்களா?"

"சில பேருக்குங்க. எல்லாருக்கும் இல்ல. பல வருசம் கழிச்சு."

"வயிறு வீங்குமுங்களா? ரத்தமா வாந்தி எடுப்பாங்களா?"

"ஆமாங்கம்மா. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு மூத்தது ஒரு பையன் இருந்தானுங்க. சரவணன். முப்பது வயசு தாண்டி ரெண்டு பொங்கல்கூடப் பாக்கலீங்க. வயிறு வீங்கி, ரத்தமா எடுத்துப் போயிட்டானுங்க. குடிச்சுத்தான் ஈரல் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு சொட்டுக் குடிச்சதில்லைன்னு அவன் கடைசி வரைக்கும் சொன்னானுங்க."

"அவன் சொன்னது நெசமுங்களா?" என்று கேட்டார் பாவாயி.

உங்களில் பலருக்கு இந்த மாதிரி கேள்வி ஒருநாள் வரும். முன்னால் ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். நாம் 'ஆமாம்' என்றால் மகனின் பெயர் மீளும். ஆனால் அதே மூச்சில் அந்தத் தாய், அதைக் கொடுத்தவள் நான்தானே என்று நினைப்பார். 'தெரியாது' என்றால் அவர் மறுபடி தனியாகிவிடுவார். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"உங்க மகனோட ரத்தத்தை நான் பாக்கல. அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா குடிக்காம இருக்கறவங்களுக்கும் இந்தக் கிருமியால அப்படியே ஆகும். நான் பாத்திருக்கேன். அவரு சொன்னதை நீங்க நம்புனீங்கல்ல, அது நம்ப வேண்டிய பேச்சுதாங்கம்மா."

பாவாயி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பேசியது செங்கோடன்தான்.

"எழவுக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் குடிச்சு அழிஞ்சான்னு நாந்தானுங்க சொன்னேன்." நிறுத்தினார். "ஆஸ்பத்திரியில என்ற கையைப் புடிச்சுச் சத்தியம் பண்ணுனான். நான் கையை உதறிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டனுங்க."

இப்படிப்பட்ட நேரத்தில் ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதும் நம் வேலைதான். கொஞ்ச நேரம் கழித்துப் பாவாயி சேலையை ஒதுக்கிக் கையை மேசைமேல் நீட்டினார். "என்ற ரத்தத்தை எடுத்துப் பாருங்க." செங்கோடனும் சட்டைக் கையை மடித்தார்.

பாவாயிக்கு பி இருந்தது. மிகக் கொஞ்சமாக, ஏறத்தாழ தூங்கிக்கொண்டு இருந்தது. அத்தனை வருடம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, பிள்ளை பெற்று, பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்து வாழ்ந்த உடம்பில் அது ஒரு கீறல்கூடப் போடவில்லை. மகனிடம் மட்டும் ஏன் அப்படி நடந்துகொண்டது? இன்றைக்கும் நமக்கு முழுதாகத் தெரியாது.

செங்கோடனுடைய ரத்தத்தில் கிருமி இல்லை. ஆனால் ஒரு தடம் இருந்தது. எப்போதோ பி உள்ளே வந்து, உடம்பு அதை அடித்து விரட்டியதற்கான எதிர்ப்பொருள். அதைச் சொன்னதும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"கல்யாணமான புதுசுல எனக்கும் ஒருக்கா மஞ்சக்காமாலை வந்துச்சுங்க. ஊருல மருந்து குடுத்தாங்க, சரியாப் போச்சு. அதுங்களா?"

"அதாத்தான் இருக்கும்."

அவர் பல ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட சண்டையை அந்த ரத்தம் இன்னும் நினைவில் வைத்திருந்தது. அதே சண்டையைத்தான் அந்த நேரத்தில் சேலத்தில் அவருடைய மருமகன் போட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து வந்த செய்திகள் முதலில் நன்றாக இல்லை. இரண்டு மூன்று நாள் மணிகண்டன் யாரையும் சரியாக அடையாளம் காணவில்லை. மாற்றுக் கல்லீரல் பற்றிப் பேச்சு எழுந்தது. பிறகு ஒரு நாள் ரத்தம் உறையும் நேரம் கொஞ்சம் குறைந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. மாத்திரைக்கு அதில் பங்கு இருக்கலாம். பெரும்பங்கு அந்த உடம்புடையது என்றுதான் நான் நினைக்கிறேன். மடிந்துபோன கல்லீரல் தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. நம் உடம்பில் வேறு எந்த உறுப்பும் அதைப் போல் செய்வதில்லை.

செங்கோடன் சேலத்துக்குப் போன கதையைக் கோகிலா பிறகு சொன்னாள்.

"அப்பா வந்து ஒண்ணும் பேசலீங்க. மாமா கட்டிலுகிட்ட உக்காந்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் 'எனக்கும் வந்து போயிருக்குதாமா மாப்ள'ன்னாரு. மாமா சிரிச்சுப்போட்டாருங்க. அப்பத்தான் அப்பா அழுதாரு."

சில மாதம் கழித்து மணிகண்டனின் ரத்தத்தில் கிருமி இல்லை. இனி வாழ்நாளில் அவருக்கு பி வராது.

கோகிலாவுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கிருமியைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தோம். பிரசவ அறை செவிலியரிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு ஊசியைக் குளிர்பெட்டியில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஒன்று தடுப்பூசி. குழந்தையின் உடம்புக்கு, இவன் வெளியாள் என்று சொல்லிக்கொடுக்கும். அது கற்றுக்கொள்ளும்வரை பாதுகாக்க மற்றொன்று. யாரோ முகம் தெரியாத மனிதர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் அது. இரண்டையும் பிறந்த சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நேரம் தவறினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பெண் குழந்தை பிறந்தது. துடைத்து முடித்த கையோடு இரண்டு தொடையிலும் இரண்டு ஊசி. வீல் என்று ஓர் அழுகை. எத்தனையோ பெரிய சிகிச்சைகளை அருகில் நின்று பார்த்தவள் நான். அவற்றில் எதையும் அந்தச் சின்ன அழுகையோடு வைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது ரத்தம் எடுத்தோம். முடிவு கேட்க நான்கு பேரும் வந்தார்கள். குழந்தை அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. பாவாயி மட்டும் உள்ளே வராமல் கதவோரம் நின்றார்.

"கிருமி இல்ல. எதிர்ப்புச் சக்தி நல்லா வந்திருக்கு" என்றேன்.

மணிகண்டன் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பாவாயி நின்ற இடத்தில் நின்றார்.

"ஏம்மா அங்கயே நிக்கறீங்க?"

கோகிலாதான் பதில் சொன்னாள். "அம்மா இவளை மடியில வெச்சதே இல்லீங்க. தொட்டுத் தூக்குனாலே ஒட்டிக்கும்னு பயம். ஊசி போட்டாச்சு, தொட்டா வராதுன்னு எத்தன தடவ சொல்லியும் கேக்க மாட்டேங்குது."

தொட்டால், தூக்கினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்று நானே அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். சொன்னது காதில் விழுந்திருந்தது. கைக்கு வந்து சேரவில்லை. நான் எழுந்து பாவாயியைக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். மணிகண்டனிடமிருந்து குழந்தையை வாங்கி அவர் மடியில் விட்டேன்.

அவர் முதலில் கையை உயர்த்தியபடியே இருந்தார், நெருப்பின்மேல் பிடிப்பது போல. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? மேலே ஏறி, அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

"சாமி... வலிக்குது சாமி" என்றார் பாவாயி. பிறகு கை இரண்டும் தானாக இறங்கிக் குழந்தையைச் சுற்றிக்கொண்டன.

குழந்தையை அணைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ற அம்மாளுக்கும் இருந்திருக்குமுங்களா?"

"இருந்திருக்கலாம்மா."

"அவிய அம்மாளுக்கும்?"

"இருந்திருக்கலாம்."

"இவகிட்ட இல்லீங்களே?"

"இவகிட்ட இல்ல. இவ பெத்துக்கற புள்ளைங்களுக்கும் இவளால வராது."

எத்தனையோ தாய்மார்களின் வழியாக, யாருக்கும் தெரியாமல், ஒருவர் மடியிலிருந்து அடுத்தவர் மடிக்கு வந்த ஒன்று, அந்த நாற்காலியில் வந்து நின்றுபோயிருந்தது. வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.